ஆடிக் காற்று ஓய்ந்தால்தான் நமக்கு மழை, அப்போது வடக்கே காய்கிறது: ஏன் இப்படி?

பென்னாகரம் மானாவாரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பென்னாகரத்துக்கு மேற்கே மூன்றரை ஏக்கர் மானாவாரி. ராகி விதைத்து நடுவில் அவரையும் துவரையும் சால் விட்டிருக்கிறேன். ஆடி பிறந்ததிலிருந்து மேற்கே இருந்து காற்று, அப்படி ஒரு காற்று. மேகம் வருகிறது, தலைக்கு மேலே ஓடுகிறது, கிழக்கே போய்விடுகிறது, ஒரு தூறல் கிடையாது. பயிர் பகலில் சுருண்டுவிடுகிறது, ராத்திரி கொஞ்சம் நிமிர்கிறது, மறுநாள் மறுபடி சுருளுகிறது. அதே நேரத்தில் செய்தியில் பார்த்தால் மும்பையில் வெள்ளம், குடகில் கனமழை, ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை. ஒகேனக்கல் எங்களுக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆறு நிறையத் தண்ணீர் போகிறது, என் கொல்லையில் புழுதி பறக்கிறது, மனசு தாங்கவில்லை.

அப்பா சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "காத்து ஓயட்டும், மழை வரும்." பல வருடம் அது சரியாகவே இருந்திருக்கிறது. காற்று அடங்கி நாலைந்து நாள் புழுக்கமாக இருக்கும், அப்புறம் சாயங்காலம் இடியோடு மழை. ஆனால் அப்படி நமக்குப் பெய்கிற நாட்களில்தான் வட மாநிலங்களில் மழை இல்லை, விதைப்பு காய்கிறது என்று செய்தி வருகிறது. இது தற்செயலா, இல்லை ஏற்றக்கோல் மாதிரி ஒரு பக்கம் ஏறினால் ஒரு பக்கம் இறங்குகிற கணக்கா?

இன்னொரு கேள்வியும் உண்டு. எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, வந்தால் நம் பருவமழை கெடும் என்று அண்ணன் மகள் பாடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள். எங்கோ பசிபிக் கடலில் நடப்பது இங்கே வரை வருகிறது என்றால், இங்கே பெய்கிற மழையும் எங்கோ போய் எதையாவது மாற்றுமா? நாம் வாங்கிக்கொள்கிற இடத்தில் மட்டும்தான் இருக்கிறோமா என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

காவேரிப்பட்டணம் வாத்தியார்:

தம்பி, அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முப்பது வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொல்லையில் அடிக்கிற ஆடிக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்தது இல்லை. அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள மஸ்கரீன் தீவுகள் பக்கத்து உயர் அழுத்தப் பகுதியிலிருந்து கிளம்புகிறது. கென்யா, சோமாலியா கரையை ஒட்டி ரேகையைத் தாண்டி, பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பி, அரபிக்கடல் முழுக்க ஈரத்தை அள்ளிக்கொண்டு மேற்குக் காற்றாக நம்மிடம் வருகிறது. தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் அதன் வேகம் அதிகம். தீபகற்பத்தின் மேல் இப்படி ஒரு தாழ்நிலை ஜெட் காற்றோட்டம், அதாவது குறுகிய பாதையில் வேகமாக ஓடுகிற காற்று, ஜூலையில் ஓடுகிறது என்று 1966இல் எழுதியவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்கள் ஜோசப்பும் ராமனும். கென்யா பக்கம் அது எப்படி ஓடுகிறது என்று பின்லேட்டர் என்பவர் 1969இல் காட்டினார்.

பருவமழை நாடு முழுக்கச் சுறுசுறுப்பாக இருக்கும்போது இந்தக் காற்று 12.5 முதல் 17.5 பாகை அட்சரேகைக்கு நடுவே தீபகற்பத்தைக் குறுக்காகக் கடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டமும் 12 பாகையை ஒட்டி இருப்பதால் அந்தப் பாதையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறோம். காற்று குடகிலும் வயநாட்டிலும் மலையேறி மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்துபோய் இறங்குகிறது. பெய்த தண்ணீர் கபினி வழியாகவும் காவிரி வழியாகவும் உங்கள் ஒகேனக்கல்லுக்கு வருகிறது, ஈரம் போன காற்று உங்கள் ராகிக்கு வருகிறது. பகல் வெயிலில் ஒரு இடிமேகம் எழும்ப முயன்றாலும் அந்த வேகத்தில் சாய்ந்து கலைந்துவிடும்.

சில வாரம் கழித்து வடக்கே மழையைப் பிடித்து வைத்திருக்கிற தாழ்வழுத்தப் பட்டை கங்கைச் சமவெளியை விட்டு இமயமலை அடிவாரத்துக்கு ஏறிவிடும். பருவமழை இடைவெளி என்று சொல்வது இதைத்தான். மத்திய இந்தியா காயும், மலையடிவாரத்தில் கொட்டும். அப்போது அந்த மேற்குக் காற்று அரபிக்கடலிலேயே தெற்கே வளைந்து இலங்கைக்குக் கீழே போய்விடும். நம் தலைக்கு மேல் காற்று அடங்குகிறது, புழுக்கம் ஏறுகிறது, மாலையில் மேகம் நிமிர்ந்து எழுகிறது, இடி மழை. வானொலியில் வெப்பச்சலன மழை என்பார்கள். இடைவெளி நாட்களில் தமிழ்நாட்டில் மழை கூடுகிறது என்பது வெகு காலமாகவே தெரிந்த சங்கதி.

ஏற்றக்கோல் என்று கேட்டீர்களே, அந்த ஏற்ற இறக்கத்துக்கு 30 முதல் 60 நாள் வரை ஒரு சுற்று இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஒரு மண்டலம். பூமத்திய ரேகைக்கு அருகே கடலில் மேகப் பட்டை ஒன்று உருவாகி மெல்ல வடக்கே நகர்ந்து மத்திய இந்தியாவுக்குப் போகிறது, அங்கே ஓய்ந்ததும் கடலில் இன்னொன்று கிளம்புகிறது. சிக்காவும் சுலோச்சனா காட்கிலும் செயற்கைக்கோள் படங்களை நாள் தவறாமல் பார்த்து 1980இல் இதைக் காட்டினார்கள்.

ஓசூர் வாசகர்:

வாத்தியார் ஐயா, விளக்கம் அருமை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2002 ஜூலையில் நாடு முழுக்க வழக்கமான மழையில் பாதிதான் பெய்தது. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் நமக்கு நல்ல மழை கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததா? அந்த வருடமும் அடுத்த வருடமும் நாம் பட்டது இங்கே இருக்கிற யாருக்கும் மறந்திருக்காது. கிணற்றுக்குள் கிணறு வெட்டினோம், மாடுகளைச் சந்தையில் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். ஆகவே வடக்கே காய்ந்தால் நமக்குப் பெய்யும் என்று யாரும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு என் கருத்து: கடல்தான் எஜமான். பசிபிக் சூடானால் இங்கே மழை குறையும், குளிர்ந்தால் கூடும். நம் மழை உலகத்தை மாற்றுகிறது என்பது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது.

அரூர் ஆய்வு மாணவி:

2002 பற்றி அண்ணா சொன்னது நியாயம். சில நாள் இடைவெளி வேறு, மாதம் முழுக்க நீண்ட வறட்சி வேறு. நீண்டுவிட்டால் தெற்கே வருகிற ஈரமும் குறைந்து எல்லோரும் சேர்ந்து காய்கிறோம். ஆனால் கடல்தான் எஜமான் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் நான் படிப்பதே இதைத்தான், அதனால் கொஞ்சம் ஆவலோடு எழுதுகிறேன்.

மழை என்பதை எப்போதும் தண்ணீராகவே பார்க்கிறோம். காற்று மண்டலத்துக்கு அது வெப்பம். கடலில் தண்ணீர் ஆவியாகும்போது வாங்கிய வெப்பம், மேகத்தில் அந்த ஆவி மறுபடி நீராகும்போது காற்றில் இறங்குகிறது. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். ஒரு கிலோ நீருக்குச் சுமார் 25 லட்சம் ஜூல். பென்னாகரத்து அண்ணா நிலத்தில் ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 40 ஆயிரம் லிட்டர். அந்த மழை உருவானபோது மேலே காற்றில் இறங்கிய வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் 28 ஆயிரம் யூனிட். 5 எச்.பி. மோட்டாரை இராப்பகலாகப் பத்து மாதம் ஓட்டலாம். ஒரே ஏக்கர், ஒரே சென்டிமீட்டர்!

இப்போது நாட்டுக்குப் போவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவின் சராசரி மழை 87 சென்டிமீட்டர். நாட்டுப் பரப்பால் பெருக்கி நான்கு மாதத்துக்குப் பங்கிட்டுப் பாருங்கள், உலகம் முழுக்க ஒரு நொடியில் உற்பத்தியாகிற மின்சாரத்தைப் போல் சுமார் 200 மடங்கு வெப்பம் ஒவ்வொரு நொடியும் இந்தியாவின் மேல் காற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பருவமழை 10 சதவீதம் குறைந்தால் பற்றாக்குறை ஆண்டு என்கிறோம். அந்த 10 சதவீதம்கூட இந்தக் கணக்கில் உலக மின்சாரத்தைப் போல் 20 மடங்கு. இவ்வளவு பெரிய அடுப்பைக் கூட்டிக் குறைத்தால் மேலே காற்று சும்மா இருக்குமா?

இருக்காது. சூடான காற்று எழும்பி 12, 15 கிலோமீட்டர் உயரத்தில் விரிகிறது. அங்கே திபெத்தை மையமாக வைத்து மிகப் பெரிய உயர் அழுத்தச் சுழல் ஒன்று உட்கார்ந்திருக்கும், கோடைக் காலத்தில் உலகத்திலேயே பெரிய மேல்மட்டச் சுழல்களில் அதுவும் ஒன்று. வடக்கே மழை கூடினால் இது வலுத்து மேற்கே நீள்கிறது, மழை ஓய்ந்தால் தளர்கிறது. அந்தச் சுழலின் தெற்கு ஓரத்துக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக இந்தியாவைக் கடந்து ஆப்பிரிக்கா வரை ஓடுகிறது, வடக்கு ஓரத்துக் காற்று மேற்கிலிருந்து கிழக்காகச் சீனா, ஜப்பான் பக்கம் போகிறது.

மேலே எழுந்த காற்று எங்காவது இறங்கியாக வேண்டும் அல்லவா? ஒரு பகுதி தெற்கே போய் வாத்தியார் ஐயா சொன்ன மஸ்கரீன் பக்கம் இறங்கி, மறுபடி ஆடிக் காற்றாக நம்மிடமே வருகிறது. இன்னொரு விளைவு வடமேற்கே. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி, எகிப்து, லிபியாப் பாலைவனம் இங்கெல்லாம் ஜூலை, ஆகஸ்டில் ஒரு சொட்டு மழை இல்லாமல் வானம் நீலமாகக் கிடக்கிறது. அதற்கு நம் பருவமழையின் வெப்பம் ஒரு முக்கியக் காரணம் என்று ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் 1996இல் காட்டினார்கள். வெப்பத்துக்கு மேற்கே ராஸ்பி அலை என்ற பெரிய வளைவு உருவாகிறது, அங்கே மேற்கிலிருந்து வீசுகிற காற்றோடு சேர்ந்து காற்று கீழே இறங்குகிறது, இறங்குகிற காற்றில் மேகம் நிற்காது. குடகில் கொட்டுகிற மழைக்கும் சைப்ரஸில் காய்கிற வெயிலுக்கும் நடுவே ஒரே காற்று என்பதை முதல்முறை படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கிழக்குப் பக்கமும் உண்டு. சுமார் 40 பாகை வடக்கில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற ஜெட் காற்றோட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால், கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை ஓடுமே, அப்படி வளைவுகள் மத்திய ஆசியா, சீனா, கொரியா, ஜப்பான் என்று வரிசையாக ஓடும். பழைய வணிகப் பாதையை ஒட்டிப் போவதால் பட்டுப்பாதை அலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2005இல் டிங், வாங் இருவரும் இந்த அலை வட அரைக்கோளத்தை முழுக்கச் சுற்றிவரும் வடிவத்தையும், அது இந்தியப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தோடு எப்படிச் சேர்ந்து வருகிறது என்பதையும் காட்டினார்கள். இந்தியாவில் நல்ல மழை பெய்கிற ஆண்டுகளில் வட சீனாவிலும் நல்ல மழை பெய்யும் போக்கு இருக்கிறது.

அண்ணன் மகளிடம் சொல்லுங்கள், அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த சார்லஸ் நார்மண்ட் 1953இலேயே இதை எழுதியிருக்கிறார். இந்தியப் பருவமழை, தனக்கு முன்னால் மற்ற இடங்களில் நடந்தவற்றோடு பொருந்துவதைவிடத் தனக்குப் பின்னால் நடப்பவற்றோடு அதிகம் பொருந்துகிறது, அதை வைத்து மற்ற இடத்து வானிலையைச் சொல்வது எளிது, அதை முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம் என்பது அவர் கண்டது.

காவேரிப்பட்டணம் வாத்தியார்:

நல்லா எழுதினாய் அம்மா. நார்மண்டுக்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது, நம் மண்ணைத் தொட்டது என்பதால் சொல்கிறேன். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். அப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன, சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் பருவமழையை முன்கூட்டிச் சொல்லியே ஆக வேண்டும் என்று அரசாங்கம் முனைந்தது. முதலில் வானிலைத் துறையின் தலைவராக இருந்த பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியை வைத்துக் கணித்தார். 1904இல் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர், உலகம் முழுக்க உள்ள அழுத்தம், மழைக் கணக்குகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது பசிபிக்கில் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்ற பெரிய ஊசலாட்டத்தைக் கண்டுபிடித்தார். இன்று எல் நினோவோடு சேர்த்துச் சொல்கிறோமே, அந்த அறிவே நம் மழை பொய்த்த வேதனையைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்ததுதான்.

ஓசூர் வாசகர்:

ஏக்கருக்கு 28 ஆயிரம் யூனிட் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. மனம் மாறுகிறது என்று சொல்லத்தான் வேண்டும். 1997இல் கடுமையான எல் நினோ இருந்தும் நம் பருவமழை சராசரியைத் தொட்டது, 2002இல் அவ்வளவு வலு இல்லாத எல் நினோவிலேயே 19 சதவீதம் குறைந்தது. கடல் மட்டும் எஜமான் என்றால் இது நடந்திருக்காது.

ஆனாலும் ஒரு சந்தேகம். 2010இல் ரஷ்யாவில் கடும் வெப்ப அலை, அதே சமயம் பாகிஸ்தானில் பெருவெள்ளம். இங்கே பெய்த மழைதான் அங்கே வெயிலைக் கொண்டுபோனது என்று சொல்லிவிடலாமா?

அரூர் ஆய்வு மாணவி:

சொல்லிவிடக் கூடாது அண்ணா. அந்த வருடம் ரஷ்யாவின் மேல் நகராமல் நின்ற உயர் அழுத்தம்தான் காற்றை வளைத்துப் பாகிஸ்தான் பக்கம் தாழ்வழுத்த வளைவை இறக்கியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது அங்கிருந்து இங்கே வந்த பாதை. இங்கே பெய்த மழை திரும்ப அங்கே எவ்வளவு கொடுத்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் இருக்கிறது. இரண்டு பக்கமும் வாங்கல் கொடுக்கல் உள்ள உறவு இது. வறட்சி ஆண்டுகளில் இதன் கெட்ட பக்கம் தெரியும்: மழை குறைந்தால் மேலே உள்ள சுழல் தளர்கிறது, மேற்கு ஆசியா, பாகிஸ்தான் மேல் குளிர்ந்த தாழ்வழுத்த வளைவு இறங்குகிறது, அதன் வழியாக வறண்ட காற்று நுழைந்து இருக்கிற மழையையும் கெடுக்கிறது. இடைவெளி நீண்டுபோவதற்கு இது ஒரு காரணம் என்று புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணனும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டை கொல்லைக்காரம்மா:

நீங்கள் எல்லோரும் படித்தவர்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் களத்தில் நின்று தானியம் தூற்றும்போது மேலே பார்ப்போம். கீழே ஓடுகிற கனத்த மேகம் மேற்கே இருந்து கிழக்கே போகும். அதற்கு மேலே ரொம்ப உயரத்தில் பஞ்சைப் பிரித்துவிட்ட மாதிரி மெல்லிசாக ஒரு மேகம் இருக்கும், அது கிழக்கே இருந்து மேற்கே போகும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மாமியார் எனக்குக் காட்டினார், நான் என் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஏன் எதிரெதிராகப் போகிறது என்று யாரும் சொன்னதில்லை.

அரூர் ஆய்வு மாணவி:

அம்மா, நீங்கள் பார்த்தது வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம், அதாவது கிழக்கிலிருந்து வீசுகிற ஜெட் காற்று! 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நான் மேலே சொன்ன திபெத் சுழலின் தெற்கு ஓரம் அதுதான். கோட்டேஸ்வரம் என்ற நம் வானிலை அறிஞர் 1958இல் அதை உலகத்துக்கு எழுதினார். அது சென்னை அட்சரேகையை ஒட்டி ஓடுகிறது, அதாவது உங்கள் களத்துக்கு மேலேயே. வடக்கே மழை வலுத்தால் அது வேகமெடுக்கும், பொய்த்த ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கீழே போகிற மேகம் ஆடிக் காற்று, மேலே திரும்புகிற மேகம் வட இந்திய மழை எழுப்பிவிட்ட காற்று. முழுச் சுற்றையும் நீங்கள் களத்தில் நின்றே பார்த்திருக்கிறீர்கள். வகுப்பில் எனக்கு வரைபடத்தில்தான் காட்டினார்கள்.

பென்னாகரம் மானாவாரி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் மகளை மாலையில் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், தென்னை மட்டை நுனியைக் குறி வைத்துக் கால் மணி நேரம் பார்த்தோம். மேலே இருந்த வெள்ளை இழை மேற்கே நகர்ந்தது. அவள் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள், தினமும் பார்க்கப் போகிறாளாம்.

முந்தாநாளிலிருந்து இங்கே காற்று குறைந்திருக்கிறது. நேற்று ராத்திரி முக்கால் மணி நேரம் நல்ல மழை, மண்ணில் ஒரு சாண் ஈரம். ராகி தலை தூக்கிவிட்டது. கையில் யூரியா இருக்கிறது, இப்போதே போடலாமா?

தேன்கனிக்கோட்டை கொல்லைக்காரம்மா:

முதலில் களை எடுத்துவிடு சாமி, ஈரம் இருக்கும்போது வேரோடு வரும். அப்புறம் யூரியா போடு. நாளைக்கும் சாயங்காலம் மழை இருக்கிற மாதிரி தெரிகிறது, இங்கே இப்போதே காற்று அசையவில்லை.